குறட்டைச் சத்தம் நின்றால் போதுமா?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு வயது 48. நாமக்கல்லில் சொந்தமாக ஒரு லாரி வைத்து அவரே ஓட்டுகிறார். குறட்டை பல வருடமாக உண்டு. இப்போது தூக்கத்தில் மூச்சு அப்படியே நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திடுக்கென்று இழுத்து விடுகிறார். எடை 94 கிலோ. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். போன மாதம் தூக்கப் பரிசோதனை செய்தோம். ஏ.எச்.ஐ. 41, ஆக்சிஜன் 74 வரை இறங்கியது என்று எழுதியிருக்கிறார்கள். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் மெஷின் வைக்கச் சொன்னார்கள். வாடகைக்கு எடுத்து இரண்டு ராத்திரி போட்டார். மூக்கு காய்கிறது, வயிறு உப்புகிறது, கரண்ட் போனால் மூச்சு முட்டிச் செத்துவிடுவேன் என்று கழற்றி வைத்துவிட்டார். அந்த மெஷினால் கேன்சர் வருகிறது என்று மகன் வேறு செல்போனில் எதையோ காட்டினான். 'ஒரே நாளில் லேசர், குறட்டை போயே போச்சு' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அங்கே போகலாம் என்கிறார். அவருடைய சிநேகிதர் வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்கச் சொல்கிறார். இதில் எது ஆபத்தில்லாதது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ராத்திரி கண்விழித்து அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருப்பது எவ்வளவு பயமான வேலை என்று எனக்குத் தெரியும். இந்த நோய்க்காக என்னிடம் வருகிறவர்களில் பலரை அழைத்து வருவதே மனைவிமார்கள்தான். நோயாளிக்குத் தன் மூச்சு நின்றதே தெரியாது.

ஆபத்தே இல்லாத வைத்தியம் என்று ஒன்றை என்னால் காட்ட முடியாது. ஆனால் மெஷினில் வரும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை மாஸ்க்கைக் கழற்றினால் போய்விடும், சரிசெய்யவும் முடியும். வெட்டி எடுத்த சதையைத் திரும்ப ஒட்ட முடியாது. இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரரிடம் இதை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்: குறட்டைச் சத்தம் நின்றுவிட்டதால் மூச்சு நிற்பதும் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

முதலில் அந்த 41 என்ன என்று பார்ப்போம். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சு போகிற வழி அடைத்துக்கொள்கிறது. குறைந்தது 10 வினாடி மூச்சு முழுக்க நின்றாலோ, ஆக்சிஜன் இறங்கும் அளவுக்குக் குறைந்தாலோ அதை ஒன்று என்று கணக்கெடுப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்பதுதான் ஏ.எச்.ஐ. 5-க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. 30-ஐத் தாண்டினால் கடுமையான நிலை. அவருக்கு 41 என்றால், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை மூளை பதறி எழுந்து தொண்டையைத் திறக்கிறது. எட்டு மணி நேரம் படுத்தாலும் அது தூக்கமே இல்லை. இந்த நோய் உள்ளவர்கள் வண்டி ஓட்டும்போது விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. அவர் ஓட்டுவது லாரி. எந்த வைத்தியத்தின் ஆபத்தை எடைபோட்டாலும், தராசின் இன்னொரு தட்டில் இது இருக்க வேண்டும்.

சரி, உங்கள் மகன் காட்டிய கேன்சர் விஷயம். பையன் சும்மா பயமுறுத்தவில்லை, அதற்குப் பின்னால் நடந்த கதை உண்டு. 2021 ஜூன் மாதம் ஃபிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம் தன்னுடைய சிபாப், பைபாப் (மூச்சை இழுக்க ஒரு அழுத்தம், விட ஒரு அழுத்தம் தருவது), வென்டிலேட்டர் மெஷின்கள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உலகம் முழுக்க சுமார் 55 லட்சம் மெஷின்கள். உள்ளே சத்தத்தைக் குறைக்க பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு ஒன்று வைத்திருந்தார்கள். வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது மக்கி, துகளாகி, சில ரசாயன வாயுக்களையும் விட்டு, மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பது பிரச்சினை. ஓசோன் வாயுவால் மெஷினைச் சுத்தம் செய்யும் பெட்டிகள் பஞ்சு மக்குவதை இன்னும் வேகப்படுத்தின. அந்த நுரையால் கேன்சர் வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் அப்போது கொடுக்கப்பட்டது. அதன் பிறகு கனடாவின் ஒன்டாரியோவிலும் பிரான்ஸிலும் அந்த மெஷின் பயன்படுத்தியவர்களை மற்ற கம்பெனி மெஷின் பயன்படுத்தியவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கேன்சர் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை.

அதனால் 'சிபாப் என்றாலே கேன்சர்' என்பது தவறு. ஆனால் நம் ஊருக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கிய மெஷின்கள் செகண்ட் ஹேண்டாகக் கைமாறுகின்றன. வாடகைக்கு வருவதும் சில சமயம் பழைய மெஷின்தான். ஃபிலிப்ஸின் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் மெஷின் என்றால், அது திரும்பப் பெற்ற பட்டியலில் இருக்கிறதா, பழுது நீக்கிக் கொடுத்ததா என்று சீரியல் நம்பரை வைத்துக் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்த மெஷின் வேண்டாம். வேறு மெஷினாக இருந்தாலும் மாஸ்க், டியூப், ஃபில்டர் மூன்றும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். சுத்தம் செய்ய ஓசோன் பெட்டி எதுவும் வாங்காதீர்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், நிழலில் காயவைப்பது, அவ்வளவுதான்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைக் கேட்காத நோயாளியே இல்லை. மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் என்றால் வாய் திறந்துதான் இருக்கும். மூக்கும் வாயும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கில், காற்று நின்றவுடன் திறந்துகொண்டு வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு இருக்கிறது. அவர் முட்டிச் சாகமாட்டார். மெஷின் நின்றால் பழையபடி குறட்டையோடு தூங்குவார் அல்லது விழித்துக்கொள்வார். மாஸ்க்கில் இருக்கும் சின்னத் துவாரங்களை மட்டும், காற்று கசிகிறது என்று நினைத்து டேப் போட்டு அடைத்துவிடாதீர்கள். அவர் வெளியே விடும் கரியமில வாயு போகிற வழி அது. என்னிடம் வந்த ஒரு பெரியவர் அப்படித்தான் அடைத்து வைத்திருந்தார். காலையில் தலைவலி தாங்கவில்லை என்று மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மூக்கு காய்வதும் வயிறு உப்புவதும் நிஜமான தொந்தரவுகள். அவர் சாக்குச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு ராத்திரியில் முடிவு செய்துவிட்டார். மூக்கு காய்வதற்கு மெஷினோடு ஈரப்பதம் தரும் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். உங்கள் பக்கத்து போர்த் தண்ணீரை ஊற்றினால் உப்பு படியும், பாசி பிடிக்கும். மிச்சத் தண்ணீரைத் தினமும் காலையில் கொட்டிவிட வேண்டும். மெஷினைத் தலையணை மட்டத்துக்குக் கீழே வையுங்கள், மேலே வைத்தால் தண்ணீர் டியூப் வழியாக முகத்துக்கு வரும்.

மூக்கடைப்பு இருந்தால் அதை முதலில் சரிசெய்யாமல் எந்த மாஸ்க்கும் ஒத்துவராது. கடையில் தாராளமாகக் கிடைக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து விட வேண்டாம், நிறுத்தும்போது அடைப்பு இரட்டிப்பாகத் திரும்பி வரும். தினமும் பயன்படுத்த வேறு ஸ்பிரே இருக்கிறது, டாக்டர் எழுதித் தருவார். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதாக இருந்தால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளத்துச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அது மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது.

வயிறு உப்புவது காற்றை விழுங்குவதால். அழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பது, தேவைக்கேற்ப தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோ மெஷினுக்கு மாறுவது, தலைப்பக்கம் சற்று உயர்த்திப் படுப்பது, இவற்றில் ஒன்று பெரும்பாலும் பலன் தரும். மூக்குத் தண்டில் புண் வந்தால் மாஸ்க்கின் அளவு தவறு. கண் எரிந்தால் காற்று மேல்பக்கம் கசிகிறது. வாரை இன்னும் இறுக்கிக் கட்டுவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள், அது இரண்டையும் மோசமாக்கும்.

காந்தக் கொக்கி வைத்த மாஸ்க்குகள் சில உண்டு. வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால், காது கேட்க அல்லது மூளையில் ஏதாவது உலோகக் கருவி பொருத்தியிருந்தால் அந்த மாஸ்க்கை வாங்காதீர்கள். அந்தக் காந்தம் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இந்த எச்சரிக்கை பக்கத்தில் படுக்கிறவருக்கும் பொருந்தும்.

இப்போது லேசருக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கவலை அதிகம்.

1981-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றைச் செலுத்தினால் தொண்டை அடைக்காது என்று ஐந்து நோயாளிகளிடம் காட்டினார். அதே வருடம் அமெரிக்காவில் ஃபுஜிட்டா என்ற அறுவை மருத்துவர், உள்நாக்கையும் மேலண்ணத்தின் பின்பக்க மென்சதையையும் குறைத்துத் தொண்டையை அகலமாக்கும் ஆபரேஷனை வெளியிட்டார். இரண்டு வழியும் ஒரே வருடம் பிறந்து, இத்தனை வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வருகின்றன. அதனால் 'மெஷின் பழசு, லேசர்தான் புதுசு' என்பது விளம்பரப் பேச்சு.

அந்த ஆபரேஷனின் ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் 3,130 பேரைப் பார்த்ததில், ஆயிரத்துக்கு 15 பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது, ஆயிரத்துக்கு இரண்டு பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். மயக்க மருந்தின் மிச்சமும் தொண்டை வீக்கமும் சேர்ந்து மூச்சுவழியை அடைப்பது, ரத்தக்கசிவு, இவைதான் பயப்பட வேண்டியவை. நீண்ட நாளில் சிலருக்குக் குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியாக வரும், குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறும், தொண்டையில் எதுவோ உட்கார்ந்திருப்பதுபோல் விடாமல் உறுத்தும். தழும்பு இறுகி வழி முன்பைவிடக் குறுகிவிடுவதும் உண்டு.

லேசரால் மேலண்ணத்தைச் சுடுவது இதன் சிறிய வடிவம். மரத்துப்போகும் ஊசி போட்டு உட்காரவைத்தே செய்வார்கள், அதனால் 'ஒரே நாள்' என்கிறார்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2010-லேயே, தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய்க்கு இந்த லேசரை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று எழுதிவிட்டது. காரணம், மென்சதை சுருங்கி அதிர்வது குறைவதால் சத்தம் குறையும், ஆனால் நாக்குக்குப் பின்னால் அடைப்பது அப்படியே இருக்கும். என்னிடம் வந்த ஒருவர் வேறு ஊரில் இப்படிச் செய்துகொண்டார். குறட்டை நின்றது, வீடே சந்தோஷப்பட்டது. மூன்று வருடம் கழித்து பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது என்று வந்தார். பரிசோதித்தால் மூச்சு நிற்பது முன்பு இருந்த அளவிலேயே இருந்தது. குறட்டை கேட்டுக்கொண்டிருந்தவரை மனைவி எழுப்பிக்கொண்டிருந்தார். சத்தம் நின்றபின் அவரும் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். அந்த மூன்று வருடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஆபரேஷனே தவறு என்று சொல்லவில்லை. பெரிய டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) உள்ள குழந்தைகளுக்கு அதை எடுப்பதுதான் முதல் வைத்தியம். பெரியவர்களிலும் டான்சில் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தால் பலன் நன்றாக இருக்கும். மூக்குத்தண்டு வளைவைச் சரிசெய்தால் இந்த நோய் பெரும்பாலும் போகாது, ஆனால் மாஸ்க் போட முடியாதவர் போட முடிகிறவராக மாறுவார். தாடை எலும்பை முன்னால் நகர்த்தும் ஆபரேஷன் உண்மையிலேயே பலமானது. ஆனால் பெரிய ஆபரேஷன், கீழுதடும் முகவாயும் மரத்துப்போகலாம். அந்த லேசர் சென்டருக்குப் போனால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "செய்த மூன்று, நான்கு மாதம் கழித்து மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து ஏ.எச்.ஐ. எவ்வளவு என்று காட்டுவீர்களா?" அவர்கள் பேச்சு முழுக்கக் குறட்டையைப் பற்றியே இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், அது குடலிறக்கமாக இருந்தாலும் சரி, மயக்க மருந்து டாக்டரிடம் இந்த நோயைச் சொல்ல வேண்டும், மெஷினைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

வாயில் பிளாஸ்திரி வேண்டவே வேண்டாம். மூக்கடைப்பு உள்ள மனிதருக்கு இருக்கிற ஒரு வழியையும் அடைப்பது அது. வாந்தி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல தூக்கம் வரட்டும் என்று தூக்க மாத்திரையோ, தாபாவில் ஒரு கட்டிங்கோ போடுவதும் அதே அளவு ஆபத்து. இரண்டும் தொண்டைச் சதையை இன்னும் தளர்த்தும். மூச்சு நின்றவரை எழுப்புகிற மூளையையும் மந்தமாக்கும்.

கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல்செட் மாதிரியான கருவி ஒன்று உண்டு. லேசான, நடுத்தர நிலைக்கு நல்லது. 41-க்கு அது இரண்டாவது தேர்வுதான், மெஷின் ஒத்தே வராவிட்டால் பார்க்கலாம். தாடை வலி, எச்சில் வடிவது போன்றவை சில வாரத்தில் குறையும். பல வருடம் போட்டால் பல் நகர்ந்து கடி மாறுவது திரும்பாது. அதனால் இந்த நோய் தெரிந்த பல் டாக்டர் அளவெடுத்துச் செய்ய வேண்டும். வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் ஆன்லைன் சாமான் வேண்டாம்.

எடை குறைந்தால் நோய் குறையும், இதில் சந்தேகமே இல்லை. உடல்பருமனோடு இந்த நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருப்பவர்களுக்காக டிர்செபடைடு என்ற ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு சாதாரணம். பித்தப்பைக் கல், கணைய அழற்சி அரிதாக வரலாம். உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் வேறு. அவர் சாப்பிடும் கிளிமிபிரைடோடு இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், அதுவும் ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது. சர்க்கரை டாக்டர் மாத்திரை அளவை மாற்றாமல் தொடங்கவே கூடாது. எடை இறங்கப் பல மாதம் ஆகும், அதுவரை மெஷின் வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மெஷின் போட்டால் மாரடைப்பே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்கெனவே இதய நோய் அல்லது பக்கவாதம் வந்த சுமார் 2,700 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2016-ல் வெளியானது. மெஷின் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தன. ஆனால் அவர்கள் மெஷினைப் போட்டது ராத்திரிக்குச் சராசரியாக 3.3 மணி நேரம். அந்த ஆய்விலேயே பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. லாரி ஓட்டுகிறவருக்கு முதலில் வேண்டியது அந்தப் பகல் விழிப்புதான்.

இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மூச்சுக்கு மூச்சு தானே அழுத்தம் மாற்றும் ஏ.எஸ்.வி. என்ற வேறு வகை மெஷின், இதயத்தின் பம்ப் செய்யும் சக்தி 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, மூளையின் கட்டளை குறைவதால் மூச்சு நிற்பவர்களுக்கு மரணத்தை அதிகமாக்கியது என்று 2015-ல் தெரிந்தது. அவருக்கு எழுதிக் கொடுத்தது சாதாரண சிபாப், அது இந்த ரகம் இல்லை. இருந்தாலும் பிரஷரும் சர்க்கரையும் இருப்பதால் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. மெஷினைத் திருப்பிக் கொடுத்திருந்தால் மறுபடி எடுங்கள், மாஸ்க் இரண்டு மூன்று ரகம் போட்டுப் பார்க்க விடுகிற இடமாகப் பாருங்கள். முதல் வாரம் தூங்கும்போது வேண்டாம், சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காரட்டும். பயம் அப்படித்தான் விடும். அப்புறம் ராத்திரி. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏறும் வசதி மெஷினிலேயே இருக்கும், அதைப் போட்டுவிடச் சொல்லுங்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கட்டும்.

லாரியிலும் போடலாம். பெரிய லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் பேட்டரி இருக்கும். அந்த மெஷினுக்கென்று கம்பெனி தரும் கன்வர்ட்டர் வாங்குங்கள், கண்ட வயரைச் சுற்றி இணைக்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிவிட்டால் பேட்டரி குறைவாகத்தான் இழுக்கும். கேபின் தூசியில் ஃபில்டர் சீக்கிரம் கறுக்கும், வாரம் ஒருமுறை பாருங்கள்.

மெஷினுக்குள் இருக்கும் கார்டில் எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு கசிந்தது, இன்னும் எத்தனை முறை மூச்சு நிற்கிறது என்று எல்லாம் பதிவாகும். ஒரு மாதம் கழித்து அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அந்த எண் 5-க்குப் பக்கத்தில் வந்து, பகலில் கண் சொக்குவது நிற்கும்வரை ராத்திரி லோடு எடுக்க வேண்டாம். ஆக்டிங் டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள். வாடகைக் கணக்கில் அது எவ்வளவு இடிக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கேட்கிறேன்.